கோடி கோடியாக முதலீடு வாங்கிய விண்வெளி ஸ்டார்ட்அப்கள் சம்பளம்கூடப் போட முடியாமல் தவிப்பது ஏன்? உள்ளே இருந்தவர்கள் சொல்ல முடியுமா?

நான் பொறியாளன் இல்லை. மன்னார்குடியில் பி.காம். முடித்துவிட்டு, சிறிய செயற்கைக்கோள் செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்பில் கணக்கும் கொள்முதலும் பார்த்தவன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, பெயர் வேண்டாம். காசு எங்கே போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலும் காத்திருப்பில் போனது.

பத்திரிகையில் வரும் முதலீட்டுத் தொகை வேறு, வங்கிக் கணக்கில் விழும் தொகை வேறு. சோதனை முடிந்தால் இவ்வளவு, ஏவி முடித்தால் இவ்வளவு என்று தவணை வைத்துத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். செலவுக்கு அந்தத் தவணையெல்லாம் தெரியாது. சம்பளம், இரவு பகலாக ஏசி ஓடும் தூசி புகாத க்ளீன் ரூமின் கரண்ட் பில், வெளிநாட்டுப் பாகங்களுக்கு முன்பணம் என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். என் எக்செல் தாளில் 'லாஞ்ச்' என்று ஒரு மஞ்சள் கட்டம் உண்டு. அதற்கு இந்தப் பக்கம் முழுக்கச் செலவு, அந்தப் பக்கம்தான் வரவு. மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தை வலப்பக்கம் நகர்த்துவதே என் முக்கியமான வேலை என்றாகிவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12 என்று நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டு, நடவுக்கு ஆள் சொல்லி, நகையையும் அடகு வைத்த பிறகு, மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் எப்படி இருக்கும்? அதேதான்.

செயற்கைக்கோள் தயாராகிவிட்டாலும் ஏவும் தேதி நம் கையில் இல்லை. சின்னக் கம்பெனி பெரும்பாலும் இன்னொருவரின் ராக்கெட்டில் ஓர் ஓரமாக இடம் வாங்கித்தான் போக வேண்டும். முதன்மைச் செயற்கைக்கோள் தாமதமானால் எல்லாருக்கும் தாமதம். 2025 மே 18 அன்று இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி61 ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் கோளாறு வந்து, அதில் போன இஓஎஸ்-09 என்ற புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள் வீணாகிவிட்டது. இப்படி ஒன்று நடந்தால், காரணம் கண்டுபிடிக்கும்வரை வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். பெரிய ஆட்களுக்கும் இதே கதி. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்கள் ரஷ்யா நடத்தும் பைகோனூர் ஏவுதளத்தில் சிக்கிக்கொண்டன. அப்புறம்தான் இஸ்ரோவிடம் வந்தார்கள். 72 செயற்கைக்கோள்கள், 1000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரண்டு எல்விஎம்3 ராக்கெட் பயணங்கள்.

தோல்வியும் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முயற்சிக்குக் கையில் காசு இருந்தால் தோல்வியைத் தாங்கலாம். ராக்கெட் ஏவும் அமெரிக்கக் கம்பெனி விர்ஜின் ஆர்பிட் 2021 கடைசியில் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பு சொல்லிப் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 ஜனவரியில் எரிபொருள் குழாயில் ஒரு வடிகட்டி கழன்று ஒரு ராக்கெட் வீணாய்ப் போச்சு. ஏப்ரலில் திவால் மனு. நிலவுக்குக் கலம் அனுப்பப் பார்த்த நம்மூர் டீம்இண்டஸுக்கு ராக்கெட் ஏறும் வாய்ப்பே வரவில்லை. நிலவில் இறங்கும் தொழில்நுட்பத்துக்காக 2015இல் 10 லட்சம் டாலர் பரிசு வாங்கியவர்கள் அவர்கள். பிஎஸ்எல்விக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் திரட்ட முடியாமல் 2018 தொடக்கத்தில் ஒப்பந்தமே ரத்தானது.

இந்தக் காத்திருப்பில் அடிபடுவது முதலீட்டாளர் மட்டும் இல்லை. திருச்சி பக்கம் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறை எங்களுக்கு அலுமினியச் சட்டங்கள் கடைந்து கொடுத்தது. பெல் (BHEL) ஆர்டர்களில் பழகிய கை, வேலை அவ்வளவு சுத்தம். பில் பாக்கி ஏறியபோது அவர் கத்தவில்லை. "தம்பி, உங்க ராக்கெட்டு எப்ப வேணா போவட்டும். எனக்கு ஜிஎஸ்டி இருபதாம் தேதி" என்றார். பில் போட்ட அன்றே அவர் தலையில் வரி ஏறிவிடும், காசு வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிறுவனர்களின் பேட்டிகளில் இந்த மாதிரி ஆட்கள் வருவதே இல்லை.

சரி, வானத்துக்குப் போய்விட்டால் வருமானம் கொட்டுமா? எங்கள் திட்டமே டெல்டாவை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. சம்பா வளரும் அக்டோபர், நவம்பரில் வானம் மூடியே கிடக்கும். சாதாரணக் கேமராவுக்கு மேகம்தான் தெரியும். ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். தண்ணீர் நிற்கும் நடவு வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். எந்தக் கிராமத்தில் எவ்வளவு மூழ்கியது என்று பயிர்க் காப்பீட்டுக்குச் சொல்லலாம். அருமையான யோசனைதான். ஆனால் ஐரோப்பியர்களின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் 2014இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வைத்தே நெல் பரப்பை வரைபடமாக்கி வருகிறது. இலவசமாகக் கிடைப்பதைவிட நம்முடையது எவ்வளவு கூர்மை, அந்தக் கூர்மைக்கு யார் காசு தருவார் என்ற கேள்விக்கு எங்கள் கூட்டங்களில் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வாங்கக்கூடிய ஆள் கடைசியில் அரசுதான். டெண்டர், தகுதிச் சான்று, பில் பாஸாவது எல்லாமே இன்னொரு காத்திருப்பு.

ஸ்பேஸ்எக்ஸ் பிழைக்கவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று ராக்கெட் தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. செயற்கைக்கோள் போன் சேவை நடத்தும் இரிடியம் கதை இன்னும் வேடிக்கை. சுமார் 500 கோடி டாலர் செலவழித்து 1999இல் திவாலானது. அதைப் புதிதாக வந்தவர்கள் வெறும் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள், அது இன்றைக்கும் ஓடுகிறது. தொழில் சாகவில்லை, முதலில் காசு போட்டவர்கள்தான் போனார்கள்.

திருச்சி, தஞ்சாவூர் கல்லூரிகளிலிருந்து இந்தத் துறைக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போங்கள், வேலை கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பங்கு தருகிறோம் என்று சம்பளத்தைக் குறைத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். போன மாதப் பிஎஃப் இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கம்பெனியில் காசு இறுகும்போது, சம்பளம் நிற்பதற்கு முன்னாலேயே அதுதான் தள்ளிப்போக ஆரம்பிக்கும்.