துன்பமும் வேண்டாம், பலனும் வேண்டாம்

கேள்வி: நெடுநாளாக நோயில் கிடக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம், “கஷ்டம்தான் ஆளைப் பக்குவப்படுத்தும்” என்கிறார்கள். யூத மதத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறதாம். எனக்கோ அலுப்புதான் மிச்சம். என் பக்தியில் குறையா?

பதில்: குறையே இல்லை. யூத மதகுருக்களான ரபிகளே இந்த அலுப்பை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூலின் முதல் பகுதியான பெராகோத்தில் ஓர் இடம் வருகிறது. எனக்கு மனம் தளரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் படிப்பேன்.

நோயில் கிடந்த ரபி ஹியாவைப் பார்க்க ரபி யோகனான் போகிறார். “இந்தத் துன்பம் உமக்குப் பிரியமா?” என்று கேட்கிறார். “துன்பமும் வேண்டாம், அதற்குக் கிடைக்கும் பலனும் வேண்டாம்” என்கிறார் ஹியா. யோகனான் புத்தி சொல்லவில்லை. “கையைக் கொடும்” என்கிறார். கொடுத்த கையைப் பிடித்துத் தூக்கி எழுப்புகிறார்.

அப்புறம் யோகனானே படுக்கையில் விழுகிறார். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். ரபி ஹனினா வந்து அதே கேள்வியைக் கேட்க, அவரும் அதே பதிலைத்தான் சொல்கிறார். ஹனினா கை கொடுத்து எழுப்புகிறார். பிறரை எழுப்பியவர் தானே எழுந்திருக்கலாமே என்று தல்மூத் கேட்டு, சிறையில் இருப்பவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்று பதிலும் சொல்கிறது. படித்த ரபிக்கே அடுத்தவர் கை வேண்டியிருந்தது. நீங்கள் தனியாகப் பக்குவப்பட்டுக் காட்ட வேண்டும் என்று யார் கேட்க முடியும்?

துன்பம் வந்தால் தன் நடத்தையைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் தல்மூதில் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது அவரவர் தனக்குத்தானே செய்துகொள்வது. பைபிளில் துன்பத்தில் கிடந்த யோபுவிடம் அவர் நண்பர்கள் பேசியதைப் போல, நோயாளியிடம் போய் “உன் செயலால் வந்தது” என்று பேசுவதை அதே தல்மூத், சொல்லால் செய்யும் கொடுமை என்று தடுக்கிறது. வருகிறவர்களிடம் இதை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

வளர்ச்சி என்று நான் நினைப்பது இதுதான்: வலியை வலி என்று கடவுளிடம் சொல்ல முடிவதும், நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வதும். நோயாளிக்காக யூதர்கள் ஓதும் பைபிள் பாடல்களில் 13ஆவது சங்கீதமும் ஒன்று. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்றுதான் அது தொடங்குகிறது. அடுத்து வருகிறவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.