கரண்ட் வச்சா எச்சிலே ஊறாதா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு தொண்டையில கேன்சர். 35 சிட்டிங் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும்னு சொல்லி, தலை அசையாம இருக்க போடுற மாஸ்க்குக்கு அளவு எடுக்க அடுத்த வாரம் வரச்சொல்லிருக்காங்க. இதே ட்ரீட்மென்ட் எடுத்த தெரிஞ்சவர் ஒருத்தர் வருஷக்கணக்கா தண்ணி பாட்டிலும் கையுமாவே இருக்கார், ஒரு வாய் சோறு கூட தண்ணி இல்லாம இறங்கல. அப்பாவுக்கும் இப்படி ஆகாம இருக்க முன்னாடியே ஏதாவது மாத்திரை இருக்கா?

பதில்: மாத்திரையை விடுங்க, எச்சில் சுரப்பியை காப்பாத்துற வேலை பெரும்பாலும் முதல் சிட்டிங்குக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லயே முடிஞ்சிடுது. மாஸ்க் போட்டு சிடி ஸ்கேன் எடுத்ததும் டாக்டர் ஒவ்வொரு படத்துலயும் கட்டி எது, காதுக்கு கீழ இருக்கிற பரோட்டிட் சுரப்பி எதுன்னு கோடு போட்டு பிரிப்பார், அப்புறம் ஐஎம்ஆர்டி முறையில, அதாவது இடத்துக்கு இடம் கதிரோட அளவை கூட்டிக் குறைக்கிற முறையில, கட்டிக்கு 70 கிரே (கிரேங்கறது கதிர் டோஸோட அளவு) போனாலும் சுரப்பி மேல குறைவா விழற மாதிரி பிளான் போடுவாங்க. 2011ல வந்த பார்ஸ்போர்ட்னு ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல, பழைய முறையில ஒரு வருஷம் கழிச்சு 74 சதவீதம் பேருக்கு வாய் வறட்சி கணிசமா இருந்துச்சு, ஐஎம்ஆர்டியில 38 சதவீதம்தான். குறைஞ்சுதே தவிர இல்லாம போகல, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

அதனால டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க, "ரெண்டு பரோட்டிட்டுக்கும் சராசரி டோஸ் எவ்வளவு வருது சார்?"னு. ஒரு பக்கமாவது 20 கிரேக்குள்ள, இல்லன்னா ரெண்டும் 25க்குள்ள இருந்தா நல்லது. ஆனா நெறிகட்டி அந்த சுரப்பியை ஒட்டியே இருந்தா அடம்பிடிக்காதீங்க, கேன்சரை விட்டுட்டு எச்சிலை காப்பாத்தி என்ன பிரயோஜனம், அப்போ எதிர்பக்க சுரப்பியைத்தான் பாக்கணும். தாடைக்கு கீழ இருக்கிற சுரப்பியையும் கேளுங்க, சாப்பிடாத நேரத்துல, ராத்திரி தூக்கத்துல வாயை ஈரமா வச்சிருக்கறது முக்கியமா அதுதான், இதை நிறைய பேர் கேக்கறதே இல்ல.

இன்னொன்னு, நடுவுல அப்பா ரொம்ப இளைச்சு மாஸ்க் லூசாச்சுன்னா உடனே சொல்லிடுங்க. சுரப்பி சுருங்கி உள்பக்கமா நகர்ந்து அதிக டோஸ் விழற இடத்துக்கே வந்துடலாம், தேவைப்பட்டா திரும்ப ஸ்கேன் எடுத்து புது பிளான் போடுவாங்க.

நீங்க கேட்ட மருந்துன்னா அமிஃபோஸ்டின்னு ஒரு ஊசி இருக்கு, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னாடி போடணும், வாந்தியும் பிரஷர் இறங்கறதும் படுத்தி எடுத்துடும், நான் அதை பெருசா சிபாரிசு பண்ண மாட்டேன். பைலோகார்பின் மாத்திரை பிறகு மிச்சமிருக்கிற சுரப்பியை தூண்டிவிடும், வியர்த்து கொட்டும், கட்டுக்குள்ள இல்லாத ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆகாது.

முதல்ல நாளைக்கே பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. எச்சில் குறைஞ்சா பல் வேகமா சொத்தையாகும், ரேடியேஷன் பட்ட தாடையில அப்புறம் பல் பிடுங்கினா புண் ஆறாம எலும்பே செத்துப்போற ஆபத்து இருக்கு. பிடுங்க வேண்டியது இருந்தா ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது பிடுங்கிடணும், தேதி இடிக்குதுன்னா ரெண்டு டாக்டரையும் போன்ல பேசிக்க சொல்லுங்க.