ஆங்கில டவுன், டச்சு டொய்ன், ஜெர்மன் ட்ஸவுன்: மூன்றும் ஒரே சொல்லா?

கேள்வி இது: ஆங்கிலத்தில் டவுன் என்றால் ஊர், டச்சில் டொய்ன் என்றால் தோட்டம், ஜெர்மனில் ட்ஸவுன் என்றால் வேலி. பொருள் இவ்வளவு விலகியிருக்க, இவற்றை ஒரே சொல் என்பது சரியா?

சரிதான். மூன்றுக்கும் தாய், பழைய ஜெர்மானிய மொழியின் 'டூன்' (ஜெர்மானியம் என்பது இன்றைய ஜெர்மன் அல்ல; ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஐஸ்லாந்து மொழி எல்லாவற்றுக்கும் மூதாதை). அதற்கு முதலில் வேலி என்று பொருள், வேலியடைத்த இடம் என்றும் பொருள். ஜெர்மன் வேலியோடு நின்றுகொண்டது. டச்சு வேலிக்கு உள்ளே இருக்கும் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலம் அந்த நிலத்தில் எழுந்த வீட்டுக்கும், வீடுகள் பெருகி உண்டான ஊருக்கும் அதே பெயரை வைத்தது. நமக்கு இது புதிதல்ல. ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டி, கோவில்பட்டியும் உசிலம்பட்டியும் பட்டிதான்.

ஆனால் பொருள் இப்படி அழகாகக் கோவையாக வருவது மட்டும் போதாது. உறவை நிறுவ வேண்டியது ஒலி. முதலில் உயிரொலியைப் பாருங்கள். பழைய நெடில் 'ஊ' ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'அவு' ஆனது. டச்சில் ஏறத்தாழ 'ஒய்' (தமிழ் எழுத்தில் அந்த ஒலி அப்படியே வராது). ஐஸ்லாந்தில் 'ஊ'வாகவே தங்கிவிட்டது. வீடு: ஹவுஸ், ஹவுஸ், ஹொய்ஸ், ஹூஸ். சுண்டெலி: மவுஸ், மவுஸ், மொய்ஸ், மூஸ். நம் சொல்லும் அதே வரிசையில் வருகிறது: டவுன், ட்ஸவுன், டொய்ன், டூன்.

அடுத்தது முதல் மெய். ஆங்கிலத்தில் 'ட' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ட்ஸ' வர வேண்டும். பத்துக்கு டென், ட்ஸேன். நாக்குக்கு டங், ட்ஸுங்கெ. ஆகவே டவுன், ட்ஸவுன். இந்த மாற்றம் ஜெர்மன் பேசும் தெற்கில் நடந்தது, வடக்குச் சமவெளியை எட்டவில்லை. அதனால்தான் வட ஜெர்மனியின் 'கீழ் ஜெர்மன்' (தாழ்ந்த சமவெளியின் ஜெர்மன்) எனப்படும் பேச்சில் வேலிக்கு இன்றும் 'டூன்' என்கிறார்கள்.

இதற்கும் பின்னே போகலாம். ஐரிஷ், வெல்ஷ் போன்றவை அடங்கிய கெல்டிக் மொழிகளில் 'தூன்' என்றால் கோட்டை (இந்தத் 'த'வை 'பந்து' என்பதில் வருவதுபோல் வாசியுங்கள்). பிரான்ஸின் லியோன் நகரின் பழைய பெயரான லுக்தூனும் இதில் பிறந்ததே. இரண்டைக் குறிக்கும் லத்தீன் 'துவோ'வுக்கு ஆங்கிலத்தில் 'டூ' நிற்பதுபோல, இந்தத் 'த'வும் ஜெர்மானியத்தில் 'ட' ஆகும். ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய விதி அது. அந்த மாற்றம் நடப்பதற்கு முன்பே கெல்டியரிடமிருந்து ஜெர்மானியர் கடன் வாங்கிய சொல் என்பதே வலுவான கருத்து.

ஆங்கிலத்தின் நடுக்கட்டத்தைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் மிகச் சுவையான இடம். பழைய ஆங்கிலத்தில் 'ஆப்பெல்டூன்' என்றால் ஆப்பிள் தோப்பு, 'பெரெடூன்' என்றால் பார்லி வைக்கும் களத்துமேடு, 'லேயாக்டூன்' என்றால் கீரை, பூண்டு வகைகள் போடும் கொல்லை. இன்று ஆப்பிள்டன், பார்ட்டன், லெய்ட்டன் என்று ஊர்ப்பெயராகவும் குடும்பப்பெயராகவும் இருப்பவை இவையே. ஆக, டச்சுக்காரர்களின் தோட்டம் ஆங்கிலத்திலும் இருந்திருக்கிறது. பிறகு பண்ணை, பண்ணையைச் சுற்றிய சிற்றூர் என்று சொல் விரிந்தது. தேம்ஸ் கரையிலுள்ள கிங்ஸ்டன் 838ஆம் ஆண்டுப் பதிவிலேயே 'அரசனின் டூன்' என்று வருகிறது. நியூட்டன் என்பது அச்சு அசலாக நம் புதூர். கிராமத்தைவிடப் பெரியது என்ற இன்றைய பொருள் 1066இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஊன்றியது. ஸ்காட்லாந்தில் மட்டும் 'டூன்' என்று பழைய ஒலியோடு, பண்ணை வீடும் தொழுவங்களும் சேர்ந்த இடம் என்ற பொருளும் நெடுங்காலம் நீடித்தது.

இங்கே வழக்கமாக நேரும் பிழை ஒன்று. 'டன்' என்று முடியும் எல்லாப் பெயரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். லண்டனின் பிரிக்ஸ்டன், பிரிக்சி என்பவரின் கல். அதில் ஒளிந்திருப்பது ஸ்டோன். ஸ்விண்டன், பன்றிக் குன்று. அதன் கடைசிப் பகுதி குன்றைக் குறிக்கும் வேறு சொல். இன்றைய எழுத்தை நம்பாதீர்கள். கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். இங்கிலாந்து ஊர் என்றால் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டை முதலில் திறவுங்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஐஸ்லாந்துப் பழங்கதையில் யாராவது 'டூன்' வழியாக ஓடினால் அவர் ஊருக்குள் ஓடவில்லை. வீட்டைச் சுற்றி எருவிட்டு வைக்கோலுக்காக வளர்த்த புல்வெளியில் ஓடுகிறார். நார்வேயில் அதே சொல், பண்ணைக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள முற்றம்.

ஜெர்மன் ட்ஸவுன் முதலில் மிளாறு பின்னிய படல். மதிலுக்கு அவர்களிடம் 'மவுவர்' என்று வேறு சொல் இருக்கிறது, லத்தீனிலிருந்து வந்தது. காரணமில்லாமல் வம்புக்குப் போவதை 'சண்டையை வேலியிலிருந்து ஒடிப்பது' என்பார்கள். போகிற போக்கில் கைக்கு எட்டிய கழியை முறிப்பதுபோல.

டச்சிலும் பழைய வேலி முழுக்க மறையவில்லை. ஒருவரை ஏமாற்றுவதை 'டொய்னைச் சுற்றிக் கூட்டிப்போவது' என்கிறார்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டினால் அதில் என்ன ஏமாற்று? வேலி என்று வைத்துப் பாருங்கள்: உள்ளே விடாமல் வெளியிலேயே சுற்றவைப்பது.