கொள்ளுத்தாத்தாவின் மைக்ராஸ்கோப்பைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பழைய ஜெர்மன் மைக்ராஸ்கோப், பைனாகுலர், டெலஸ்கோப் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா டாக்டர். அவருடைய பித்தளை மைக்ராஸ்கோப் மரப்பெட்டியோடு பரணில் கிடைத்தது. ‘ஈ. லைட்ஸ், வெட்ஸ்லார்’ என்று பொறித்து, அதன் கீழே 96 ஆயிரத்துச் சொச்சம் ஒரு எண் இருக்கிறது. எந்த வருடத்தது? கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: புளி, எலுமிச்சை, பித்தளை தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. குத்துவிளக்கு வேறு, இது வேறு. அந்தக் காலத்துக் கருவிகளின் பித்தளை மேல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பொன்னிறமாக ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், பட்டறையிலிருந்து அந்தப் பூச்சோடுதான் வெளியே வந்தது, தேய்த்தால் போனது போனதுதான். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பூச்சு இருக்கிறதா என்று. பளபளவென்று தேய்த்த மைக்ராஸ்கோப்பைவிட அங்கங்கே கறுத்த, பூச்சு அழியாத மைக்ராஸ்கோப்புக்குத்தான் மதிப்பு, விலையிலும் சரி, என் மனதிலும் சரி. பல வருடம் முன்னால் ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பின் அடிப்பாகத்தை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன், துணியில் மஞ்சளாக ஏதோ வர, அழுக்குதான் போகிறது என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கல்ல, பூச்சு. இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியை லேசாக ஈரப்படுத்திப் பிழிந்து ஒற்றி எடுங்கள், உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள், அது போதும்.

வருடத்துக்கு அந்த எண்ணே சாட்சி. லைட்ஸ் கம்பெனி தன் 1,00,000-வது மைக்ராஸ்கோப்பை 1907-இல் ராபர்ட் கோக்குக்குக் கொடுத்தது, காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டு சொன்ன அதே கோக். எண்கள் வரிசையாக ஏறுவதால் உங்களுடையது அதற்குச் சற்று முந்தியது. வெட்ஸ்லார் ஒரு சின்ன ஊர். அங்கே கார்ல் கெல்னர் 1849-இல் தொடங்கிய பட்டறை எர்ன்ஸ்ட் லைட்ஸ் கைக்கு 1869-இல் வந்தது. பின்னால் லைக்கா கேமரா பிறந்ததும் இங்கேதான்.

அப்புறம் லென்ஸ்களைப் பாருங்கள். குழாயின் அடியில் லென்ஸ்களை மாட்டியிருக்கும் சுழலும் மூக்கில் 3, 6 என்ற மாதிரி எண்களும் 1/12 என்று ஒன்றும் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் டாக்டர்கள் வாங்கிய செட். அந்த 1/12, எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கும் லென்ஸ், சிடார் எண்ணெய் அதன் நுனியில் பிசினாகக் காய்ந்திருக்கலாம். அதை நகத்தால் சுரண்டாதீர்கள், ஸ்பிரிட்டும் ஊற்றாதீர்கள், விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். குமிழ் திரும்பவில்லை என்றால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும், முறுக்கினால் உள்ளே இருக்கும் சக்கரத்தின் பல் உடையும்.

மேல் குழாயை மெல்ல இழுத்தால் மில்லிமீட்டர் கோடுகள் தெரியும். லைட்ஸ் லென்ஸ்கள் 170 மி.மீ. குழாய் நீளத்துக்குச் செய்தவை, அங்கே நிறுத்தி, எண் 3 லென்ஸில் ஒரு வெங்காயத் தோலை வைத்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு மேலான கண்ணாடி வழியாக ஒவ்வொரு செல்லின் சுவரும் தெரியும்போது இதை ஷோகேஸில் பூட்டி வைக்க உங்களுக்கு மனசு வராது.

கேள்வி: இங்கிலாந்து, பிரான்ஸ் எல்லாம் இருக்க ஜெர்மன் கருவிகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர்? (வாசகி, மதுரை)

பதில்: கண்ணாடிதான் காரணம். நல்ல லென்ஸ் வேண்டுமென்றால் முதலில் கீறலும் குமிழும் இல்லாத, எங்கும் ஒரே சீரான கண்ணாடிக் கட்டி வேண்டும். பவேரியாவில் பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரின் பழைய மடத்தில் அந்த வேலையைச் செய்தவர் யோசஃப் ஃப்ரான்ஹோஃபர். சின்ன வயதில் கண்ணாடி அறுக்கும் வேலைக்குப் போன பையன், 1801-இல் முதலாளியின் வீடு இடிந்து விழுந்தபோது உள்ளே மாட்டி உயிர் தப்பியவர். சூரிய ஒளியின் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அவர் பெயரில் இருப்பவைதான். அந்தக் கோடுகளை அவர் அடையாளக் கற்களாக வைத்துக்கொண்டார், எந்தக் கண்ணாடி எந்த நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க. 1826-இல் இறந்தபோது வயது 39.

கார்ல் சைஸ் என்ற கருவி செய்பவர் யேனா என்ற ஜெர்மன் ஊரில் 1846-இல் பட்டறை திறந்தபோது லென்ஸ் செய்வது கைப்பழக்கம்தான், தேய்த்துப் பார், சரியில்லையா, மாற்றிப் பார். இது அவருக்குப் பிடிக்கவில்லை. எர்ன்ஸ்ட் ஆபே என்ற இளம் இயற்பியலாளரை 1866-இல் கூட்டிக்கொண்டார், ஆபே கணக்குப் போட்டு லென்ஸ் செய்யலாம் என்று காட்டினார், ஆனால் கணக்கு கேட்கிற கண்ணாடி உலகத்தில் இல்லை. அதைச் செய்து கொடுக்க வந்தவர் ஓட்டோ ஷாட். கலவையில் போரான், பேரியம் என்று சேர்த்துப் பார்த்தார், 1884-இல் யேனாவிலேயே கண்ணாடிக் கூடம் வந்தது, 1886-இல் நிறம் பிரியாத அபோக்ரோமாட் லென்ஸ் விற்பனைக்கு வந்தது. கணக்குப் போடுகிறவர், கண்ணாடி காய்ச்சுகிறவர், லென்ஸ் தேய்க்கிறவர் மூவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ‘கார்ல் சைஸ் யேனா’ பைனாகுலர் ஒன்று விலைக்கு வருகிறது. 8x30. கிழக்கு ஜெர்மனி காலத்தது, அசல் சைஸ் கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். உள்ளே சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1945-இல் அமெரிக்கப் படை யேனாவை விட்டுப் போகும்போது சைஸின் முக்கியமான ஆட்களை மேற்கே கூட்டிப் போனது, அவர்கள் ஓபர்கோகனில் புது ஆலை கட்டினார்கள். சோவியத் படை வந்து யேனாவின் இயந்திரங்களில் பெரும்பகுதியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனது. மிச்சமிருந்த தொழிலாளர்கள் அதே ஊரில் மறுபடி ஆலையை நிமிர்த்தினார்கள். அசல் யார் என்று இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குப் போனார்கள், அதனால்தான் மேற்கு நாடுகளுக்குப் போன சில கிழக்கு ஜெர்மன் பொருட்களில் சைஸ் பெயரே இல்லாமல் ‘அவுஸ் யேனா’ என்று மட்டும் இருக்கும், ‘யேனாவிலிருந்து’ என்று அர்த்தம். 8x30 டெல்ட்ரின்டெம் 1920-லேயே வந்த மாடல், கிழக்கிலும் தொடர்ந்து செய்தார்கள், நல்ல பொருள்.

உங்கள் கவலை அந்தச் சிலந்தி வலையாக இருக்கட்டும். அது பூஞ்சை. கடலோரக் காற்றில் தோல் உறைக்குள் வைத்தால் வரத்தான் செய்யும். ஆரம்பம் என்றால் துடைத்து எடுத்துவிடலாம், நாள்பட்டால் அதன் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும், அப்புறம் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பளிச்சென்ற வானத்தை நோக்கிப் பிடித்து, பெரிய லென்ஸ் பக்கமிருந்து உள்ளே பாருங்கள், மங்கலான திட்டு தெரிந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், உறையைத் தனியாக வையுங்கள். பாச்சை உருண்டை ஈரத்தை உறிஞ்சாது.

கேள்வி: மரப்பெட்டியில் பித்தளை டெலஸ்கோப், பழங்காலத்தது, 2,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அழகுக்கு வாங்கலாம், பழசு என்று நினைத்து வேண்டாம். ரூர்க்கியில் இந்த மாதிரி பித்தளைப் பொருட்களைப் புதிதாகவே செய்கிறார்கள், பழைய கம்பெனிப் பெயரும் ஒரு வருடமும் பொறித்து.

கேள்வி: எங்களிடம் உள்ள 1890 வாக்கிலான சைஸ் மைக்ராஸ்கோப்பை மியூனிக்கில் இருக்கும் மகனுக்குக் கொடுத்து அனுப்பலாமா? அவன் அங்கே பார்க்க வேண்டிய இடம் ஏதாவது? (வாசகி, திருச்சி)

பதில்: அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட, அறிவியல் சார்ந்த பொருளும் தொல்பொருளாகலாம், அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அது ஜெர்மனியில் செய்ததாக இருந்தாலும். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம்.

மகன் அங்கே டாய்ச்சஸ் மியூசியத்துக்கு ஒரு நாள் போய்வரட்டும். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் நெப்டியூனைக் கண்டுபிடித்த டெலஸ்கோப் அந்த மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது, ஃப்ரான்ஹோஃபரின் பட்டறையில் செய்தது. உங்களுக்கு யேனாவின் கைவேலையைப் பெரிய அளவில் பார்க்க ஆசை என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், வாணியம்பாடிப் பக்கம் காவலூரில் இருக்கும் 1 மீட்டர் டெலஸ்கோப் கார்ல் சைஸ் யேனா செய்தது. 1972-இல் அங்கே நிறுவினார்கள், 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டதில் அதற்கும் பங்கு உண்டு.