வாசகர் கேள்வி பதில்: தங்கச் சுரங்கத்தில் சயனைட்

கேள்வி: என் கணவர் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்க ஆலையில் சேர்ந்திருக்கிறார். சயனைட் கரைக்கும் பகுதியில் வேலையாம். எங்கள் ஊரில் சயனைட் என்றால் கழுத்தில் தொங்கிய குப்பிதான் நினைவுக்கு வரும். அவரைத் திரும்பி வரச் சொல்லட்டுமா?
(வாசகி, கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உடனே வரச் சொல்லாதீர்கள். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ஒரு தொன் பாறையில் பெரும்பாலும் சில கிராம் தங்கம்தான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. பாறையை மாவாக அரைத்து, மிகவும் ஐதான சோடியம் சயனைட் கரைசலில் காற்றைச் செலுத்திக் கலக்கினால் தங்கம் கரைந்துவிடும். 1887 இல் ஸ்கொட்லாந்தில் கண்டுபிடித்த முறை இது. கரைந்த தங்கத்தைப் பிடித்தெடுப்பது எது தெரியுமா? பதப்படுத்திய சிரட்டைக் கரி. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கரியும் இந்த வேலைக்குப் போகிறது.

கரைசலில் காரத்தன்மை குறையும்போதுதான் ஆபத்து. அப்போது ஐதரசன் சயனைட் வாயு கிளம்பும். அது 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கிற பொருள். நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். அதனால் சுண்ணாம்பு சேர்த்து, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தை 10 இற்கு மேலே வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், அந்த ஆலையில் உயிர் காப்பது அந்தச் சுண்ணாம்புதான். அதே ஆலையில் கரியைக் கழுவ ஐதரோகுளோரிக் அமிலமும் இருக்கும். இரண்டும் சந்திக்கவே கூடாது. தாங்கி, குழாய், வடிகால் எல்லாம் வேறு வேறாக இருக்க வேண்டும்.

ஆகவே கணவரிடம் கேளுங்கள். சயனைட் கட்டிகளைக் கரைக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்கிறாரா? வாயுவை அளக்கும் கருவியை உடம்பில் மாட்டியிருக்கிறாரா? மூக்கை நம்பக் கூடாது, அந்த வாயுவின் மணம் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. ஒட்சிசனும் மாற்று மருந்தும் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? அவற்றைக் கையாளப் பழகிய ஒருவர் இரவு வேலையிலும் நிற்கிறாரா? யாராவது மயங்கி விழுந்தால் சுவாசக் கவசம் இல்லாமல் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது, வாயோடு வாய் வைத்து ஊதவும் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்தார்களா? இவற்றுக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். தடுமாறினால் வேறு பகுதிக்கு மாறச் சொல்லுங்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: தங்கம் எடுத்தபின் மிஞ்சும் சயனைட் தண்ணீர் எங்கே போகும்?
(மாணவன், ஒட்டுசுட்டான்)

பதில்: நம் குளங்களைப் போலவே கட்டுப் போட்டு, பாறைச் சேற்றோடு தேக்கி வைப்பார்கள் தம்பி. கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்று வன்னிப் பிள்ளைக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2000 ஜனவரி 30 இல் ருமேனியாவின் பாயா மாரேயில் அப்படி ஒரு கட்டு உடைந்தது. மழையும் உருகிய பனியும் சேர்ந்து நீர்மட்டம் ஏறியிருந்த நேரம். ஏறத்தாழ 100,000 கன மீற்றர் கழிவுநீர் ஆறுகளில் இறங்கி, திஸா வழியாக டானியூப் வரை போனது. ஹங்கேரியில் ஆயிரம் தொன்னுக்கு மேல் மீன் செத்ததாகக் கணக்கிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் பங்களிப்போடு சர்வதேச சயனைட் முகாமைத்துவக் கோவை என்ற விதித் தொகுப்பு உருவானது. எளிதில் பிரியக்கூடிய சயனைட், பறவைகள் இறங்கும் திறந்த தேக்கத்தில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அது. கழிவில் சல்பர் டயொக்சைட்டும் காற்றும் செலுத்தியோ, ஐதரசன் பேரொட்சைட்டு சேர்த்தோ சயனைட்டை உடைக்கலாம். வெயிலும் மெல்ல மெல்ல அழிக்கும். ஆனால் அந்தக் கோவையில் சேர்வது நிறுவனங்களின் விருப்பம், கட்டாயம் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற சனத்தின் உயிர் ஒரு நிறுவனத்தின் விருப்பத்தில் தங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு நாடும் இதைச் சட்டமாக்க வேண்டும்.

கேள்வி: மரவள்ளியிலும் சயனைட் உண்டாமே, உண்மையா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: உண்மைதான். கிழங்கிலும் இலையிலும் உள்ள லினமரின் என்ற பொருள் உடைந்தால் அது வரும். தோலை நன்றாக உரித்து, சிறு துண்டாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசக்கிற கிழங்கைச் சாப்பிட வேண்டாம். பச்சை இலையை ஆடு மாடு மேயவும் விடாதீர்கள்.