லேப்டாப் 100% காட்டுகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் 40 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பேட்டரி போய்விட்டதா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் கடைக்கு ஓடுமுன் பத்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லவில்லை, விண்டோஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று அடியுங்கள்: powercfg /batteryreport. ஒரு கோப்பு உருவாகும், பிரவுசரில் திறக்கலாம். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் தாங்க வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது தாங்கும் அளவு) இரண்டு மட்டும் போதும். முதலாவது 41,000, இரண்டாவது 18,000 மில்லிவாட் ஹவர் என்றால் மிச்சம் 44%தான். திரையில் தெரியும் 100% அந்த 18,000-க்குத்தான். 12 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். கேம் ஆடி 30 வாட் இழுத்தால் 36 நிமிடம்.

எண்கள் நன்றாக இருந்தும் 35%-இலேயே பட்டென்று அணைகிறதா? அது வேறு நோய். பேட்டரிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த மூன்று செல்லில் ஒன்று நொந்திருக்கும். அதன் வோல்டேஜ் முதலில் சரிந்ததும் உள்ளே இருக்கும் போர்டு மொத்தத்தையும் வெட்டிவிடும். மற்ற இரண்டில் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

"ரிப்போர்ட்டே பொய், முழுசா இறக்கி ஏத்தினா சரியாயிடும்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். பாதி உண்மை. 100% ஏற்றி, 5–10% வரை இறக்கி, நிறுத்தாமல் மறுபடி ஏற்றினால் கணக்குப் பார்க்கும் சிப் திருந்தும். செத்த செல் பிழைக்காது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள்.

மாற்றுவதென்றால் பழைய பேட்டரி லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். அதே மாடலுக்கு 10.8, 11.1 வோல்ட் ஒன்றுதான், 14.8 வேறு. "செல் மட்டும் மாத்தித் தரேன், பாதி விலை" என்பதில் விழாதீர்கள். செல்லைக் கழற்றியதும் சில போர்டுகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டாலும் சிப்பில் பழைய கணக்கே நிற்கும். இன்னொரு வயிற்றெரிச்சல், ஸ்டிக்கர். 18650 எனப்படும் உருளை செல் ஒன்று நல்லதே 3,500 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர்) சுற்றித்தான். இரண்டிரண்டாக மூன்று ஜோடி உள்ள ஆறு செல் பேக்கில் ஒரு ஜோடியின் 7,000 தான் கணக்கு; 8,800 என்று ஒட்டியிருந்தால் அச்சடித்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

புதியதைப் போட்டதும் ஒருமுறை மேலே சொன்னபடி 5–10% வரை இறக்கி ஏற்றி, அதே ரிப்போர்ட்டை எடுங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புதுசிலேயே 80% காட்டினால், பில் கையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.