முதல் செயலியை யார் பெயரில் வெளியிடுவது?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. இலை ஏஜென்ட் எடை போட்டுக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகள் மழையில் நனைந்தும் தொலைந்தும் போவதால், மாதக் கடைசியில் அப்பாவின் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. இதற்கு ஒரு சின்ன செயலியை நானே செய்ய ஆசை. பி.காம். முடித்திருக்கிறேன், கோடிங் தெரியாது. அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, திருப்பூரில் இருக்கும் அண்ணனிடம் ஐபோன். 8 ஜிபி லேப்டாப் ஒன்று உண்டு. கோவையில் ஒருவர் 35,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் இரண்டு ஸ்டோரிலும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா, நானே கற்றுக்கொள்ளலாமா?

பதில்: நீங்களே செய்யுங்கள். இலைக் கணக்கில் எந்த இடத்தில் தகராறு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், கோவைக்காரருக்குத் தெரியாது. இந்தச் செயலியில் கடினமான பகுதி அதுதான். மீதியைப் படித்துக்கொள்ளலாம். அதிலும் அவர் சொல்லும் 'ஒரே வாரம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கருவி. ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி எடுக்க இரண்டு வழிகள் பெரிதாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் ஒன்று. 2018 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த கூகுளின் ஃபிளட்டர் இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி ஏற்கனவே தெரிந்திருந்தால் முதலாவதைச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு எதுவும் தெரியாது என்பதால் ஃபிளட்டர். அதற்கு டார்ட் என்ற ஒரு மொழி போதும், திரையின் தோற்றத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடும் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். உங்கள் அளவு செயலிக்கு இரண்டுமே தாராளம்.

உடனே லேப்டாப்பில் எல்லாவற்றையும் இறக்கி உட்காரவும் வேண்டாம். டார்ட்பேட் என்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. பிரவுசரிலேயே டார்ட் எழுதி ஓட்டிப் பார்க்கலாம், ஃபிளட்டர் திரையைக்கூட அங்கே பார்க்கலாம். மாறி, நிபந்தனை, பட்டியல், ஃபங்ஷன் ஆகிய நான்கும் கைக்குப் பழகும்வரை அங்கேயே இருங்கள். அதன்பிறகு ஃபிளட்டரையும், ஆண்ட்ராய்டு செயலியை உருவாக்க உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற மென்பொருளையும் நிறுவலாம். பல ஜிபி இறங்க வேண்டும் என்பதால் ஃபைபர் இணைப்பு இருக்கும் இடத்துக்கு லேப்டாப்பை எடுத்துப் போய்விடுவது உத்தமம். நிறுவியதும் 'ஃபிளட்டர் டாக்டர்' என்ற கட்டளையைக் கொடுங்கள். எது குறைகிறது என்று அதுவே வரிசையாகச் சொல்லும்.

8 ஜிபி லேப்டாப்பில் எமுலேட்டரை, அதாவது ஃபோனைப் போல நடிக்கும் மென்பொருளை, ஓட்டினால் இயந்திரம் திணறும். அப்பாவின் ஃபோனையே இணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில், லேப்டாப்பிலிருந்து செயலியை நேரடியாக ஃபோனில் ஓட்ட விடும் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். (சில கம்பெனி ஃபோன்களில் பெயர் கொஞ்சம் மாறும்.) அப்படியும் லேப்டாப் ஃபோனைக் கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் பல சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவல் போகாது. இதைத் தெரியாமல் மென்பொருளை அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

சரி, இனி செயலிக்குள் வருவோம். முதல் பதிப்பில் ஒரு திரை போதும். தேதி, எடுத்துச் சென்றவர் யார், போட்ட எடை, கழித்த எடை, ஒரு 'சேமி' பட்டன். கீழே அந்த மாதப் பதிவுகளும் மொத்தமும். லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம், வரைபடம் வேண்டாம்.

போட்ட எடையையும் கழிவையும் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சும் எடையை மட்டும் எழுதி வைத்தால் மாதக் கடைசியில் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. நிகர எடையைச் செயலி கழித்துக் காட்டட்டும், அதைச் சேமிக்க வேண்டியதில்லை.

எடையைக் கிலோவில் தசமமாகச் சேமிக்காதீர்கள், கிராமில் முழு எண்ணாகச் சேமியுங்கள். 18.650 கிலோ என்று அப்பா தட்டினால் உள்ளே 18650 என்று போக வேண்டும். கணினி தசம எண்களை 0, 1 மட்டுமே உள்ள இரும எண் முறையில் வைத்துக்கொள்வதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு நிற்கும். ரூபாயையும் இதேபோல் பைசாவில் வையுங்கள். பி.காம். படித்தவர் நீங்கள், கணக்கு ஒரு பைசா இடறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விலையைத் தினசரிப் பதிவோடு சேர்ப்பது பலரும் செய்யும் பிசகு. தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு மாதா மாதம்தான் விலை அறிவிக்கிறது. இலை கொடுக்கும் அன்று கடைசி விலை யாருக்கும் தெரியாது. ஆகவே விலைக்குத் தனி அட்டவணை போட்டு, மாதம், தொழிற்சாலை, கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் வையுங்கள். விலை தெரிந்ததும் ஒரு இடத்தில் பதிந்தால் அந்த மாதக் கணக்கு முழுவதும் தானாக வந்துவிடும். வாங்கிய முன்பணத்துக்கு இன்னொரு அட்டவணை, அதுவும் இரண்டாம் பதிப்பில்.

எல்லாம் ஃபோனுக்குள்ளேயே எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் இருக்கட்டும். ஃபிளட்டரில் அதற்கு எஸ்கியூஎஃப்லைட் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இருக்கிறது. தோட்டத்துச் சரிவில், ஆடி மழையில், சிக்னலை நம்பி எடை பதிய முடியாது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. செயலியை நீக்கினால் தகவலும் சேர்ந்தே போய்விடும். நீங்கள் கேபிள் வழியாக அப்பாவின் ஃபோனில் போட்ட செயலியும், பிளே ஸ்டோரிலிருந்து பின்னால் வரப்போகும் அதே செயலியும் வேறு வேறு சாவியால் (வெளியிட்டவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியால்) கையொப்பமிடப்பட்டவை. ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. பழையதை நீக்கினால்தான் புதியது வரும், நீக்கினால் நான்கு மாத எடைக் கணக்கு காணாமல் போகும். அதனால் மற்ற எந்த அலங்காரத்துக்கும் முன்னால் 'ஏற்றுமதி' பட்டன் ஒன்றை வைத்து, எல்லாப் பதிவுகளையும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக, வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி செய்யுங்கள். அந்தக் கோப்பைத் திரும்ப உள்ளே வாங்கும் பட்டனும் வேண்டும்.

அண்ணனின் ஐபோன் பிரச்சினையும் இந்தக் கோப்பாலேயே தீர்ந்துவிடும். அவர் எக்ஸெல்லில் திறந்து பார்க்கலாம். ஃபிளட்டரில் எழுதினாலும் ஐபோன் செயலியை உருவாக்கி முடிக்க மேக் கணினி வேண்டும், ஆப் ஸ்டோரில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். எடை போடாத ஒருவருக்காக இந்தச் செலவு வேண்டாம். நிரல் இரண்டுக்கும் பொதுவானதுதான், தேவை வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது கோவைக்காரர் விஷயம். கூகுள் பிளேயில் செயலி வெளியிடத் தேவையான டெவலப்பர் அக்கவுண்ட் திறக்க ஒரே ஒரு தடவை 25 டாலர், அதாவது இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் 'புதுப்பிப்புக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் அது கூகுளுக்குப் போகும் பணம் இல்லை.

ஒரே வாரத்தில் எப்படி முடியும் என்று அவரிடம் கேளுங்கள். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் அக்கவுண்ட் என்றால், செயலியை எல்லோருக்கும் வெளியிடும் முன் குளோஸ்டு டெஸ்டிங், அதாவது நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனை, நடத்தியாக வேண்டும். குறைந்தது 12 பேர், இடைவெளி இல்லாமல் 14 நாட்கள் சோதனையில் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அதன்பிறகு விண்ணப்பம், கேள்வி பதில், பரிசீலனை. ஆகவே உங்கள் பெயரில் புதிதாகத் திறந்து ஏழு நாளில் முடிக்க வழியே இல்லை. அவர் தன் அக்கவுண்டில் போடப் பார்க்கிறார்.

இந்த விதிக்கு விலக்கு உண்டு. தரகர்களின் பிழைப்பே அந்த விலக்கில்தான் ஓடுகிறது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அந்தத் தேதிக்கு முன்பே திறந்த தனிநபர் அக்கவுண்டுகளுக்கும், நிறுவனத்தின் பெயரில் உள்ள அக்கவுண்டுகளுக்கும் 12 பேர் சோதனை கட்டாயம் இல்லை. அதனால்தான் 'பழைய அக்கவுண்ட் விற்பனைக்கு' என்று டெலிகிராமில் கூவுகிறார்கள். வாங்காதீர்கள். விதிமீறிய அக்கவுண்டைக் கூகுள் மூடும்போது அதோடு தொடர்புள்ளவர்களின் அக்கவுண்டுகளும் சேர்ந்து மூடப்படலாம். நாளைக்கே உங்கள் அக்கவுண்டை வாடகைக்குக் கேட்டும் ஆள் வரும். பத்தாயிரம் தருகிறோம் என்பார்கள். கடன் செயலிக்கும் சூதாட்டச் செயலிக்கும் முகமூடியாக உங்கள் ஆதார் பெயர் போய் நிற்கும். நிறுவன அக்கவுண்ட் வேண்டும் என்றால் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற வணிகத் தகவல் நிறுவனம் தரும் ஒன்பது இலக்க டி-யு-என்-எஸ் எண் தேவை. அதற்குப் பதிவு பெற்ற அமைப்பு இருக்க வேண்டும். உங்கள் பகுதி விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் அதன் பெயரில் திறக்கலாம், முறையான வழிதான். ஆனால் நிர்வாகி மாறினால் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும் என்பதை முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்த குழு, வீட்டுப் பெயரில் ஒரு தோட்டம் என்றால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

அவர் அக்கவுண்டில் போனால் என்ன கெட்டுப்போகும்? செயலியைத் திருத்தி வெளியிடும் உரிமை அவரிடம் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரிடம் போக வேண்டும். அவர் அக்கவுண்ட் வேறு யாருடைய செயலிக்காகவோ மூடப்பட்டால் உங்களுடையதும் போகும். பேக்கேஜ் பெயர், அதாவது பிளேயில் உங்கள் செயலியை அடையாளம் காட்டும் தனிப் பெயர், ஒருமுறை வெளியான பின் மாறாது, அதே பெயரில் நீங்கள் வேறு அக்கவுண்டில் ஏற்றவும் முடியாது. ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வசதி உண்டு, ஆனால் அதற்கு அவர்தான் மனம் வைக்க வேண்டும். மலையில் தோட்டம் வைத்துக்கொண்டு பட்டாவைத் தரகர் பெயரில் எழுதுவதும் இதுவும் ஒன்றுதான்.

ஆகவே உங்கள் பெயரில், இதற்கென்றே ஒரு தனி ஜிமெயிலில் திறந்துகொள்ளுங்கள். பேக்கேஜ் பெயரில் 'காம் எக்ஸாம்பிள்' என்று வரும் மாதிரிச் சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள், பிளே அதை ஏற்காது. கையொப்பச் சாவிக் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் லேப்டாப் தவிர இன்னும் இரண்டு இடங்களில் வையுங்கள். தொடர்பு எண், இருப்பிடம், கேமரா என்று எந்த அனுமதியும் செயலி கேட்கக் கூடாது. கேட்காமல் இருந்தால் எந்தத் தகவலைச் சேகரிக்கிறீர்கள் என்று பிளே கேட்கும் தகவல் பாதுகாப்புப் படிவம் சில நிமிட வேலை. தனியுரிமைக் கொள்கைப் பக்கம் மட்டும் ஒன்று கட்டாயம், இலவச இணையப் பக்கம் ஒன்றில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து வரி எழுதி இணைப்பைக் கொடுத்துவிடலாம்.

12 பேர் விதி எனக்குப் பிடித்தமானது இல்லை. மோசடிச் செயலிகளைத் தடுக்க வந்தது என்கிறார்கள். மோசடிக்காரன் ஒரு மாலைக்குள் 12 பேரை விலைக்கு வாங்கிவிடுகிறான். ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருந்துகொண்டு நேர்மையாகச் செயலி செய்யும் பெண்தான் வீடு வீடாகப் போய் ஜிமெயில் முகவரி கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் விலைக்கு ஆள் பிடிக்காதீர்கள். செயலியைத் திறந்தே பார்க்காத 12 பேரால் உங்கள் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும், பணமும் நாளும் வீண். உங்கள் விஷயத்தில் நிஜமாகவே பயன்படுத்தக்கூடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதே ஏஜென்ட்டுக்கு இலை கொடுக்கும் வீடுகளில் 16, 17 பேரைப் பிடியுங்கள், நடுவில் ஓரிருவர் விலகினாலும் எண்ணிக்கை 12-க்குக் கீழே போகாது. ஆண்ட்ராய்டு ஃபோன் இருக்க வேண்டும், அந்த ஃபோனின் ஜிமெயில் முகவரியே பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டு முகவரி வைத்திருப்பவர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அனுப்பும் இணைப்பை அழுத்திச் சம்மதம் கொடுத்து, பிளே ஸ்டோர் வழியாகவே இறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற நிறுவல் கோப்பாக அனுப்பினால் எண்ணிக்கையில் சேராது. அதோடு, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று ஏபிகே அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் கும்பல் திரியும் காலத்தில், வாட்ஸ்அப்பில் வந்ததை நிறுவும் பழக்கத்தை ஊர்ப் பெரியவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது.

அந்த 14 நாட்களும் யார் என்ன சொன்னார்கள், அதற்காக எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாருங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, கழிவுக் கட்டத்தில் தவறாக விரல் படுகிறது என்பது போன்றவைதான் வரும். எல்லோருக்கும் வெளியிட அனுமதி கேட்கும் படிவத்தில் இதைத்தான் கேட்கிறார்கள், அங்கே பொதுவாக 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் எடுபடாது.